சாங்கியிலிருந்து துவாஸுக்கு, தீவையே சுற்றி

எங்கள் மூன்று படகுகளையும் துவாஸில் ஒரே துறைக்கு மாற்றக் கிளம்பினோம். சாங்கியிலிருந்து காரில் முக்கால் மணி நேரப் பயணம். படகில் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் என்று அண்ணன் சொன்னபோது சிரித்தேன். வரைபடத்தை விரித்ததும் சிரிப்பு நின்றது. சிங்கப்பூருக்கு வடக்கே ஜொகூர் நீரிணையில் மலேசியாவுக்குப் போக 1924இல் திறந்த காஸ்வே என்ற தரைப்பாலம் குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டிப் படகு போக வழியில்லை. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போக வேண்டுமானால் தீவின் தெற்குப் பக்கம் முழுவதையும் சுற்றியே ஆகவேண்டும். ஏறத்தாழ 40 கடல் மைல்.

என் படகும் தம்பியுடையதும் சாங்கியில் மிதவையில் கட்டியிருந்தன. அண்ணனுடையது பொங்கோலில். ஒரு ஸ்பேனர் இரவல் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டியிருந்த நிலை. துவாஸில், மலேசியாவுக்குப் போகும் இரண்டாம் இணைப்புப் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள ராஃபிள்ஸ் மரினா படகுத்துறையில் மூவரும் சேர்ந்து இடம் கேட்டோம்.

படகு உரிமம், காப்புறுதி, படகின் நீளம். கேட்ட தாள்கள் இவ்வளவுதான். ஆனால் வாடகை அடிக்கணக்கில். என் படகு காகிதத்தில் 28 அடி. முன்னால் நீட்டிய கம்பியையும் பின்னால் தொங்கும் மோட்டாரையும் சேர்த்து அளந்தால் 31. நீங்கள் விண்ணப்பிக்கும் முன் டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை.

ஜூன் மாதச் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு சாங்கியில் கூடினோம். மேற்கே ஓடும் நீரோட்டம் நண்பகல்வரை கைகொடுக்கும் என்று ஓத அட்டவணை பார்த்துத்தான் நேரம் குறித்திருந்தோம். கைபேசியில் மழை ரேடாரைப் பார்த்த அண்ணன், “சுமத்ரா வருதுடா, ஒரு மணி நேரம் பொறுங்க” என்றார். தம்பியும் நானும், நீரோட்டம் போயிடும்ணே என்று அவசரப்படுத்தினோம். பெரியவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே, நங்கூரமிட்ட கப்பல்களின் நடுவில், மேற்கிலிருந்து கறுத்த சுவர்போல அது வந்தது. தென்மேற்குப் பருவத்தில் விடியலை ஒட்டி வரும் அந்தச் சூறைக்கு இங்கே சுமத்ரா என்றே பெயர். பத்து நிமிடத்தில் பக்கத்துக் கப்பல் மறைந்தது. ஹாரன் மட்டும் கேட்டது. காற்றுக்கு முகம் கொடுத்து, மோட்டாரைக் குறைத்து, நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஆடினோம். வானொலியில் 10ஆம் அலைவரிசையில் கப்பல்களின் பேச்சு வந்துகொண்டிருந்ததுதான் ஒரே ஆறுதல்.

மழை விட்டபோது மூன்று படகும் மூன்று திசையில் கிடந்தன. அதைவிடப் பெரிய சங்கடம் தம்பியின் படகு. ஓராண்டாகக் கழுவாத அடிப்பாகத்தில் சிப்பிகள் அப்பியிருந்ததால் மணிக்கு ஐந்து கடல் மைலுக்கு மேல் போகவில்லை. பயணத்துக்கு முன் கரையேற்றிச் சுரண்டியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அவனை விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

செந்தோசாவைத் தாண்டும்போதே நீரோட்டம் திரும்பிவிட்டது. பகுதிக்குப் பகுதி வானொலி அலைவரிசையை 14, பிறகு 73 என்று மாற்றிக்கொண்டே, கப்பல் பாதைக்கும் ஜூரோங் தீவின் தடைசெய்யப்பட்ட நீர்ப்பரப்புக்கும் நடுவே ஊர்ந்தோம். சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் அண்ணன் வானொலியில், “டேய், புளிச்சாதம் இருக்கு, யாருக்கு வேணும்?” என்றார். படகுக்குப் படகு கயிற்றில் தூக்குச்சட்டி கைமாறியது.

மாலை ஐந்தரைக்கு மரினாவில் படகுகளைக் கட்டினோம். படகு துறையில் இடிக்காமல் தாங்கும் ஃபென்டரை எல்லாம் தப்பான பக்கம் தொங்கவிட்டிருந்தேன். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிளக்கும் என் கேபிளுக்குப் பொருந்தவில்லை. பக்கத்தில் தன் படகைக் கட்டியிருந்த இடத்திலிருந்து தம்பி தன் அடாப்டரை நீட்டினான். எட்டிக் கைநீட்டி வாங்கினேன்.