போனில் இடமில்லை என்றதும் கடைக்கு ஓடாதீர்கள்

பென்ஷன்காரர் இருக்கும் வீட்டில் நவம்பர் வந்தால் என்ன வேலை என்று சொல்லத் தேவையில்லை. லைஃப் சர்டிபிகேட், அதாவது பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றிதழ். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகத்தைக் காட்டி போனிலேயே முடிக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. அதை இதுவரை என் போனில்தான் செய்துவந்தோம். இந்த முறை தன் போனிலேயே தானே செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆதார் ஃபேஸ்ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு ஆப்களை இறக்க வேண்டும். இறக்கப் போனால் 'போதிய இடமில்லை' என்று வந்து நின்றது.

64 ஜிபி போன். கேமரா ஏற்கெனவே படம் எடுக்க மறுத்துக்கொண்டிருந்ததாம். வாட்ஸ்அப்பில் வருகிற படங்கள் கலங்கலாகவே நின்றுவிடுமாம், திறக்காதாம். இதெல்லாம் போன் பழசாகிவிட்டதன் அறிகுறி என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, நான் ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே கடைத்தெருவில் ஒரு மொபைல் கடையில் போனைக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கடைக்காரர் செய்து வைத்த வேலைகளைச் சரி செய்யத்தான் எனக்கு நேரம் போனது. இடத்தைக் காலி செய்ய ஆன நேரம் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அவர் முதலில் சொன்னது, "ரீசெட் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்." நல்லவேளை, அப்பா 'போட்டோவெல்லாம் போயிடுமா?' என்று கேட்டிருக்கிறார். போய்விடும் என்றதும் வேண்டாம் என்றிருக்கிறார். உடனே அடுத்த வைத்தியம்: 128 ஜிபி மெமரி கார்டு, விலை 350 ரூபாய். அட்டையில் பெரிய கம்பெனிப் பெயர். பில் கிடையாது.

இங்கேதான் முதல் கோளாறு. அப்பாவின் போனில் இருப்பது ஹைப்ரிட் ட்ரே. இரண்டு சிம் போடலாம், அல்லது ஒரு சிம்மும் ஒரு கார்டும் போடலாம். மூன்றுக்கும் சேர்த்து இடம் கிடையாது. கார்டைப் போடுவதற்காக இரண்டாவது சிம்மைக் கழற்றி, செலோடேப்பில் ஒட்டி, போன் கவருக்குள் செருகிக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டாவது சிம்தான் ஆதாரிலும் வங்கியிலும் பதிவான எண். ஓடிபி எதுவுமே வராத போனில் யார் என்ன சான்றிதழ் எடுக்க முடியும்?

இரண்டாவது, 'இடம் பிடிக்குது' என்று பணம் அனுப்பும் யுபிஐ ஆப்பில் போய் 'கிளியர் டேட்டா' அமுக்கியிருக்கிறார். 'கிளியர் கேச்சி' என்பது வேறு, இது வேறு. கேச்சி என்பது ஆப் தன் வசதிக்குச் சேர்த்து வைத்த தற்காலிகச் சாமான். அழித்தால் நஷ்டமில்லை, இரண்டு நாளில் மறுபடி சேரும். டேட்டாவை அழித்தால் அந்த ஆப்பைப் பொறுத்தவரை நீங்கள் புது ஆள். மறுபடி பதிவு செய்ய, வங்கியில் கொடுத்த எண்ணுள்ள சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம்மோ செலோடேப்பில். அப்பா கேஸ் சிலிண்டருக்குப் பணம் கட்ட முடியாமல் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியிருக்கிறார். இதில் கிடைத்த இடம் சில நூறு எம்பி.

மூன்றாவது, ஒரு 'கிளீனர்' ஆப். திறந்தால் ராக்கெட் பறக்கும், '2 ஜிபி குப்பை நீக்கப்பட்டது' என்று கைதட்டும். மூடிவிட்டுத் திறந்தால் அதே 2 ஜிபி குப்பை திரும்ப இருக்கும். நடுவில் முழுத்திரை விளம்பரம். அந்த விளம்பரத்தைத் தொட்டு அப்பா இறக்கிவைத்த ரம்மி ஆப் வேறு. முதல் வேலையாக இரண்டையும் தூக்கினேன். இந்த மாதிரி ஆப் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. போனின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்று போனாலே எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டிவிடும். கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் ஃபைல்ஸ் பை கூகுள் போதும்.

நான்காவதுதான் இன்னும் ஆறவில்லை. போனிலிருந்த போட்டோக்களைக் கார்டுக்கு 'மூவ்' செய்திருக்கிறார். காப்பி செய்யவில்லை, மூவ். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தில் அப்பா நாள் முழுக்க நின்று எடுத்த படங்கள். திறந்து பார்த்தால் முதலில் சில திறக்கின்றன. அப்புறம் வருவதில் பாதி கோபுரம் இருக்கிறது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் பட்டை. அதற்கப்புறம் ஒன்றுமே திறக்கவில்லை.

இது போலி கொள்ளளவுக் கார்டு. உள்ளே இருக்கும் சிப் 8 ஜிபியோ 16 ஜிபியோதான். ஆனால் 128 என்று போனிடம் பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். போனும் நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் முடிந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் எழுதுவதுதான், அல்லது முன்பு எழுதியதன் மேலேயே எழுதுவது. பெயரும் அளவும் பட்டியலில் சரியாகத் தெரியும். உள்ளே சரக்கு இருக்காது. கடைக்காரரிடம் கேட்டால், "போட்டோ ஓப்பன் ஆகலைன்னா போன்ல வைரஸ் இருக்குண்ணே, கார்டுல என்ன இருக்கு? பில் வெச்சிருக்கீங்களா?" என்றார். பில் கொடுக்காத ஆளே பில் கேட்டது எனக்குப் புது அனுபவம்.

மெமரி கார்டு வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். வாங்கியதும் கம்ப்யூட்டரில் செருகி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை சோதியுங்கள். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. அது முடியும்வரை ஒரு படத்தையும் அதில் போடாதீர்கள்.

சரி, கார்டைக் கழற்றி சிம்மைத் திரும்பப் போட்டோம். யுபிஐ பதிவு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இனி இருப்பதையாவது லேப்டாப்புக்கு எடுத்து வைத்துவிட்டு அழிப்போம் என்று கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, போன் லேப்டாப்பில் தெரியவே இல்லை. திரையை மேலிருந்து கீழே இழுத்து, வரும் அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் அந்த அறிவிப்பே வரவில்லை. டிரைவர், ரீஸ்டார்ட் என்று ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் கேபிள்தான். மலிவு கேபிள்கள் சிலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகிற கம்பியே இருக்காது. போனோடு வந்த பழைய கேபிளை அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செருகியதும் தெரிந்தது.

எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகுதான் வாட்ஸ்அப்பைத் தொட்டேன். மொத்த 64-இல் 27 ஜிபி அது மட்டுமே. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் '5 எம்பிக்கு மேல்', 'பலமுறை ஃபார்வேர்டு ஆனவை' என்று தனித்தனியாகக் காட்டும். அதற்குக் கீழே எந்த குரூப் எவ்வளவு பிடிக்கிறது என்ற பட்டியல். ஓய்வு பெற்ற ஒர்க்ஷாப் நண்பர்கள் குரூப் முதலிடம். சொந்தக்காரர்கள் குரூப் இரண்டாவது. பெரிய பெரிய வீடியோக்கள், பெரும்பாலும் மருத்துவக் குறிப்பும் விநாயகரும்.

'பலமுறை ஃபார்வேர்டு ஆனவை' என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். சொந்தமாக எடுத்த படம் எதுவும் அதில் அநேகமாக இருக்காது. குரூப் குரூப்பாக 'செலக்ட் ஆல்' போடுவது ஆபத்து. அப்பாவின் பென்ஷன் உத்தரவு ஸ்கேன் செய்த பிடிஎஃப் அந்த ஷாப் நண்பர்கள் குரூப்பில், வெந்தய வைத்தியத்துக்கும் பழைய பாட்டுக்கும் நடுவில் கிடந்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்கள் லேப்காரர் அனுப்பிய சாட்டில். அப்பாவுக்கு வாட்ஸ்அப்தான் பீரோ. முதலில் 'டாக்குமென்ட்' என்பதை மட்டும் போய்ப் பார்த்து எடுத்து வையுங்கள். அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பழைய ஃபைல்கள் வாட்ஸ்அப் சர்வரில் இருக்காது, அனுப்பியவர் மறுபடி அனுப்பினால்தான் உண்டு.

அப்புறம் ஒரு மறைவிடம். ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று உள்ளே உள்ளே போனால் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் 'சென்ட்' என்று தனித்தனி ஃபோல்டர் இருக்கும். கேலரியிலிருந்து நாம் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் அங்கே சேரும். கேலரியில் இந்த ஃபோல்டர் தெரியாது என்பதால் யாரும் சுத்தம் செய்வதில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போன நேரத்தில் அப்பா எட்டிப் பார்த்து, "ஏப்பா, அது நம்ம கோபுரம்லா?" என்றார்.

நம்ம கோபுரம்தான். கும்பாபிஷேகத்தன்று எடுத்த கையோடு குரூப்களுக்கு அவர் அனுப்பித் தள்ளிய படங்கள் எல்லாம் அங்கே நகலாக இருந்தன. வாட்ஸ்அப் சுருக்கிய படங்கள்தான், ஒரிஜினல் தரம் இல்லை. இருந்தாலும் புனித நீர் ஊற்றும் படம், அம்மாவும் அத்தையும் நிற்கிற படம் எல்லாம் கிடைத்தன. வீடியோதான் நிறையப் போய்விட்டது. அதற்கு இன்னமும் ஒவ்வொரு சொந்தக்காரரிடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் படங்கள் தொலைந்திருந்தால், இந்த 'சென்ட்' ஃபோல்டரைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

அதே வாட்ஸ்அப் ஃபோல்டரில் 'டேட்டாபேஸஸ்' என்று இன்னொன்று உண்டு. சாட்களின் தினசரி நகல்கள். பெயரில் தேதி போட்டவை பழையவை, அவற்றை அழிக்கலாம். தேதி இல்லாத ஒன்றுதான் கடைசியாக எடுத்தது, அதை விட்டுவிடுங்கள்.

கூகுள் போட்டோஸ் பற்றி. 'கூகுள்லதான் எல்லாம் இருக்கே' என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேக்கப் எப்போதோ நின்றுபோயிருந்தது. 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றும் ஒவ்வொரு படமும் இலவச 15 ஜிபியில்தான் கணக்காகும். ஜிமெயில், டிரைவ் எல்லாம் அதே 15-க்குள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் முன்பு கணக்கில் வராமல் இருந்தது, இப்போது அதுவும் அதில்தான். அப்பாவின் கணக்கு நிரம்பி, ஜிமெயிலுக்கு வரும் மெயில்கூடத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அதனால் போட்டோஸ் ஆப்பைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் நம் கணக்குப் படத்தைத் தொட்டு, 'பேக்கப் கம்ப்ளீட்' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு படத்தையும் அழிக்க வேண்டாம். இன்னொன்று, அந்த ஆப்புக்குள் சும்மா 'டெலீட்' கொடுத்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதுதான் ஏற்கெனவே பேக்கப் ஆனவற்றைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வார்த்தை மாதிரி இருந்தாலும் விளைவு வேறு.

இவ்வளவு அழித்தும் இடம் கூடவில்லையே என்று ஒரு நிமிஷம் திகைத்தோம். ட்ராஷ். கேலரிக்கு ஒரு குப்பைத் தொட்டி, ஃபைல் மேனேஜருக்கு ஒன்று, கூகுள் போட்டோஸுக்கு ஒன்று. பேக்கப் ஆன படம் போட்டோஸ் ட்ராஷில் 60 நாள் கிடக்கும், ஆகாதது 30 நாள். ஒவ்வொன்றாகப் போய் காலி செய்தால்தான் இடம் கைக்கு வரும். டெலிகிராமின் கேச்சி, யூடியூபில் ஆஃப்லைனில் சேர்த்த பக்திப் பாடல்கள் எல்லாம் அப்படியே சுலபமாகப் போயின.

28 ஜிபி காலி. இரண்டு ஆப்களும் இறங்கின. ஃபேஸ்ஆர்டி இறங்கிய பிறகு அதன் ஐகானைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ஐகான் வராது. அது பின்னால் இருந்து வேலை செய்யும் ஆப். முகம் காட்டும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததால் ஏற்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது சிமிட்டினார். சான்றிதழுக்கான பிரமாண் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அதை உடனே ஷாப் நண்பர்கள் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடப் போனார். அதில் பென்ஷன் விவரம் இருக்கும், வேண்டாம் என்று தடுத்தேன். மனசில்லாமல் விட்டார்.

மறுபடி நிரம்பாமல் இருக்க வாட்ஸ்அப்பில் ஆட்டோ டவுன்லோடை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் நிறுத்தினேன். குரூப்களுக்கு 'மீடியா விசிபிலிட்டி'யையும் நிறுத்தினேன். இதனால் கேலரியில் விநாயகர் சேர மாட்டார், ஆனால் இறக்கினால் இடம் பிடிக்கத்தான் செய்யும் என்பதைச் சொல்லி வைத்தேன். ஷாப் நண்பர்கள் குரூப்பை விட்டு வெளியே வரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "காலையில குட்மார்னிங் போடலைன்னா ஆள் இருக்கானா இல்லையான்னு போன் பண்ணுவானுங்க" என்றார். அதுவும் ஒருவகை லைஃப் சர்டிபிகேட்தானே, விட்டுவிட்டேன்.

மத்திய அரசு பென்ஷன்காரர்களில் 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1-லிருந்தே சான்றிதழ் கொடுக்கலாம். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் செப்டம்பரிலேயே போனை வாங்கி ஸ்டோரேஜைப் பாருங்கள். கூடவே ட்ரேயைத் திறந்து, ஆதாரில் பதிவான சிம் உள்ளேதான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.