2030 குறிஞ்சிக்கு ஸ்லைடு கழுவ யார் இருப்பார்கள்?

மூணாறு பக்கத்து மலைகளில் குறிஞ்சி அடுத்து ஒட்டுமொத்தமாகப் பூக்க வேண்டியது 2030இல். 1994, 2006, 2018 என்று மூன்று பூப்பையும் ஸ்லைடு பிலிமில், அதாவது கழுவியதும் நேர்ப்படமாகவே வந்து புரொஜெக்டரில் காட்டக்கூடிய பிலிமில், எடுத்திருக்கிறேன். நான்காவதையும் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. கேமரா நன்றாக இருக்கிறது. விலை ஏறிவிட்டாலும் பிலிம் கிடைக்கிறது. எடுத்ததைக் கழுவித் தரத்தான் கோவையைச் சுற்றி ஆள் இல்லை.

பிலிம் திரும்ப வந்துவிட்டது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். உண்மைதான், கல்யாண வீடுகளில்கூட பழைய பிலிம் கேமராவோடு இளைஞர்களைப் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் போடுவது பெரும்பாலும் கலர் நெகடிவ். அதைக் கழுவுவது சி-41 என்ற முறையில். அதற்கு இன்னும் லேப்கள் இருக்கின்றன, கூரியரில் அனுப்பினால் ஸ்கேன் செய்தும் தருகிறார்கள். ஸ்லைடு பிலிமுக்கு ஈ-6 என்ற வேறு முறை, வேறு ரசாயனம். ஸ்லைடு ரோலை சி-41இல் போட்டால் நெகடிவாக வரும், நிறமும் தாறுமாறாகப் போகும். அந்தத் தாறுமாறுக்காகவே வேண்டுமென்று அப்படிக் கழுவுகிறவர்களும் உண்டு. எனக்கு அது உதவாது.

ஏன் உதவாது என்றால், நான் கோவையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்தவள். குறிஞ்சியைக் கொய்து, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி வைத்தால் இலையின் நரம்பு தெரியும், பூவின் அமைப்பு தெரியும். நீலம் நிற்காது. பழுப்பாகிவிடும். மலைக்குப் போக முடியாத மாணவர்களுக்கு அந்த நிறத்தைக் காட்ட என்னிடம் இருந்த ஒரே வழி ஸ்லைடு. ஜன்னலை மூடி, புரொஜெக்டரைப் போட்டால், சுவர் அகலத்துக்கு அந்த நீலம் வந்து நிற்கும். அதுவும் கேமராவுக்குள் வெளிச்சம் பட்ட அதே பிலிம் துண்டு, 24க்கு 36 மில்லிமீட்டர், மவுண்ட் என்ற சிறு சட்டத்துக்குள். நடுவில் பிரிண்ட் போடுகிறவர் கிடையாது. நெகடிவில் நிறம் சற்றுப் பிசகினால் பிரிண்ட் போடும்போது சரிசெய்யலாம். ஸ்லைடில் கழுவித் தொட்டியிலிருந்து எடுத்தது எதுவோ அதுதான் படம்.

குறிஞ்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில நீலப் பூக்கள் நம் கண்ணுக்கு எட்டாத ஆழ்சிவப்பு ஒளியையும் நிறையத் திருப்பி அனுப்புகின்றன. நமக்கு அது தெரியாது, பிலிமின் சிவப்பு அடுக்குக்குத் தெரிந்துவிடும். கண்ணால் நீலமாகப் பார்த்த பூ, படத்தில் இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். அஜரேட்டம் என்ற பூவில் இது நன்றாகத் தெரியும் என்பதால் இதற்கு அஜரேட்டம் எபெக்ட் என்றே பெயர். எந்த பிலிமில் எவ்வளவு சிவக்கும் என்பது எடுத்துக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்ல வருவதே இதைப் பற்றித்தான்.

1994இல் காந்திபுரம் பக்கம் ஒரு லேப்பில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஸ்லைடு ஓட்டுவார்கள். அதற்கு முந்தின நாள் மாலைக்குள் ரோலைக் கொடுத்துவிட வேண்டும். அங்கே இருந்த டெக்னீசியன் கழுவிய பிலிமை லைட் டேபிளில் நீளமாக விரித்து, லூப் என்ற சிறு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு பிரேமாகப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் எடுத்த முதல் ரோலைப் பார்த்துவிட்டு, "மேடம், பாறை, புல்லு எல்லாம் நேரா வந்திருக்குதுங்க. பூ மட்டுந்தானுங்க செவந்து கெடக்குது. இது கெமிக்கல் கோளாறு இல்லீங்க" என்றார். சாம்பல் நிறப் பாறை சாம்பலாகவே இருந்தது அவருக்குச் சாட்சி. வேறு கம்பெனி பிலிமையும் ஒரு வெளிர்நீல பில்டரையும் போட்டுப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். அடுத்த வாரமே உடுமலை, மறையூர் வழியாக மறுபடி போனேன். பூ அப்போதும் இருந்தது. இரண்டாவது ரோலில் நீலம் வந்தது. இலை கொஞ்சம் குளிர்ந்து தெரிந்தது, ஆனால் பூ பூவாக இருந்தது. இன்றைக்கும் என் பெட்டியில் சிறந்த குறிஞ்சி ஸ்லைடுகள் அவைதான்.

பூப்பு முடிவதற்குள் பதில் கைக்கு வந்ததால்தான் அது நடந்தது. பக்கத்திலேயே ஒரு லேப் இருப்பதன் முழு மதிப்பும் எனக்கு அதில் இருக்கிறது.

அந்த லேப் ஏன் நின்றது என்பதற்கு ஈ-6 எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கறுப்பு-வெள்ளை பிலிமை எங்கள் கல்லூரி இருட்டறையில் மாணவர்களே கழுவினார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ரோல்தான். தண்ணீர் ஓரிரு டிகிரி சூடாக இருந்தால் நேரத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். ஸ்லைடில் அந்தச் சலுகை இல்லை. முதல் டெவலப்பர் 38 டிகிரியில் இருக்க வேண்டும், கூடக் குறைய 0.3 டிகிரிதான் அனுமதி. அதில் சுமார் 6 நிமிடம். அங்கே முதலில் உருவாவது நெகடிவ். வெளிச்சம் படாமல் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பை ரிவர்சல் பாத் தயார்செய்ய, கலர் டெவலப்பர் அதிலிருந்து நேர்ப்படத்தையும் சாயத்தையும் உண்டாக்கும். அப்புறம் பிளீச்சும் பிக்ஸரும் வெள்ளி முழுவதையும் வெளியேற்றிவிடும். கடைசியில் பிலிமில் இருப்பது சாயம் மட்டும். முதல் தொட்டியில் நேரமோ சூடோ பிசகினால் படம் வெளிறும் அல்லது இருளும். கலர் டெவலப்பரின் காரத்தன்மை சற்று மாறினால் பச்சையோ மெஜந்தாவோ ஏறும். குறிஞ்சி மாதிரி நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே நிற்கிற பூவுக்கு லேசான மெஜந்தாவே போதும், மொத்தமும் கெட்டுவிடும்.

இத்தனை தொட்டியும் சரியாக இருக்க வேண்டுமானால் பிலிம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரோல் ஓட ஓடத்தான் பழைய ரசாயனம் வெளியேறிப் புதியது சேரும். ரோல் வராத தொட்டி சும்மா நின்று காற்றுப்பட்டே வீணாகும். தோசைமாவு போலத்தான், கரைத்துவிட்டால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் புளிக்கும்.

அந்த லேப்பை ஓடவைத்தது என்னைப் போன்றவர்கள் என்று நான் நினைத்ததே இல்லை. சிவகாசி காலண்டர்களுக்குப் படம் எடுத்தவர்கள், மில்களுக்கும் சேலைக் கடைகளுக்கும் கேட்டலாக் எடுத்தவர்கள், மாநாட்டில் பேச ஸ்லைடு செய்துகொண்ட டாக்டர்கள், இவர்கள்தான் ஓடவைத்தார்கள். ஆப்செட் அச்சுக்கு ட்ரான்ஸ்பரன்சி, அதாவது ஸ்லைடு பிலிமில் எடுத்த படம், கேட்பார்கள் என்பதால் படக்காரர்களுக்கு வேறு வழியே இல்லை. டாக்டர்கள் லேப்டாப்பும் எல்சிடி புரொஜெக்டரும் வந்ததும் போனார்கள். அச்சகங்கள் டிஜிட்டல் பைலை வாங்கத் தொடங்கியதும் படக்காரர்கள் போனார்கள். பூ எடுக்கிறவர்களும் பறவை எடுக்கிறவர்களும் மிஞ்சினோம். எங்கள் ரோல்களை வைத்து ஒரு தொட்டியைக்கூட உயிரோடு வைத்திருக்க முடியாது. லேப் முதலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த டெக்னீசியன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அவரோடு வேறு வேலைக்குப் போய்விட்டதுதான் வருத்தம்.

2006இல் சென்னைக்கு அனுப்பினேன். போய்வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கேரள அரசு குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்த அந்தப் பருவத்தில் ஒருமுறை திருத்திக்கொள்ள மட்டும் நேரம் கிடைத்தது. பரவாயில்லை, அது போதுமானதாக இருந்தது.

2018தான் மனதைக் கஷ்டப்படுத்திய ஆண்டு. ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு சாலைகள் உடைந்தன. மழை பூவையும் அடித்துப்போட்டது. செப்டம்பரில் வழி திறந்த பிறகு போய், மேகத்துக்கு நடுவே கிடைத்ததை எடுத்தேன். சென்னையில் தெரிந்த இடம் ஸ்லைடை நிறுத்தியிருந்தது. என் அண்ணன் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தவனிடம் ரோல்களைக் கொடுத்தேன். செக்-இன் பெட்டியில் போடாதே, அந்த ஸ்கேனர் பிலிமைப் பாழாக்கும், கைப்பையில் வைத்துக்கொண்டு கையால் சோதிக்கச் சொல்லிக் கேள் என்று பத்து முறை சொல்லி அனுப்பினேன். ஸ்லைடுகள் என்னிடம் வந்து சேர்ந்தபோது மார்கழி. பாறை சாம்பலாக இருந்தது, புல் பச்சையாக இருந்தது, பூ சிவந்திருந்தது. வேறு பிலிம் போட்டுப் பார்க்க மலையில் பூ இல்லை. அடுத்த வாய்ப்புக்குப் பன்னிரண்டு ஆண்டு.

ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. அவன் ஊரிலும் தெருவுக்குத் தெரு ஸ்லைடு லேப் கிடையாது. சோப்பும் பற்பசையும் விற்கிற கடையில் ஒரு உறை இருக்கும், ரோலை அதில் போட்டு, ஸ்லைடு என்று குறித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். பல ஊர்க் கடைகளிலிருந்து சேரும் ரோல்கள் ஒரு பெரிய லேப்புக்குப் போகின்றன. நாடு முழுவதும் சேர்த்தால் தொட்டி ஓடும் அளவுக்கு ரோல் இருக்கிறது. எங்களிடம் இல்லாதது லேப் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லாதது சேர்த்து வைக்கும் ஏற்பாடு.

கோடக் 2012இல் எக்டாக்ரோம் என்ற ஸ்லைடு பிலிமை நிறுத்தியது, 2018இல் மறுபடி கொண்டுவந்தது. ஒரு கம்பெனி மனது வைத்தால் பிலிம் திரும்பி வந்துவிடும். நம் ஊரில் மூடிய தொட்டிகள் ரோல் சேர்ந்தால் மட்டும்தான் திரும்பும்.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். என்னோடு வேலை பார்த்த வேதியியல் பேராசிரியர் ஒருவர், தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருக்கும், தெர்மோஸ்டாட் வைத்த பழைய வாட்டர் பாத் ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறார். 38 டிகிரியில் வைத்தால் அசையாமல் நிற்கிறது. ஈ-6 ரசாயனங்கள் எல்லாம் சேர்ந்து வரும் ஒரு லிட்டர் கிட்டில் ஏறக்குறைய ஒரு டஜன் 35 மில்லிமீட்டர் ரோல் கழுவலாம். கரைத்தபின் பல மாதம் வைத்திருக்க முடியாது, ஒரே வார இறுதியில் முடிப்பது நல்லது. திரவ ரசாயனத்தை விமானத்தில் வரவழைப்பது லேசான வேலை இல்லை. பல ஆண்டுகளாக கிட் தந்துகொண்டிருந்த ஜெர்மானிய நிறுவனம் டெட்டனாலே 2018இல் திவால் வரை போனது. கிட் கிடைக்கும்போது வாங்கி, மூடி திறக்காமல் வைத்து, ரோல் சேர்ந்ததும் கரைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

சோதனைக்கு வேலியில் பூக்கிற சங்குப்பூவைப் பயன்படுத்துகிறோம். பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை. அட்டை சாம்பலாக வந்தால் ரசாயனம் சரி, அதற்குப் பிறகும் பூ சிவந்தால் அது பிலிமின் குணம். காந்திபுரத்து டெக்னீசியன் பாறையை வைத்துப் பார்த்ததும் இதைத்தான். எந்த பிலிம், எந்த பில்டர், என்ன எக்ஸ்போஷர் என்று ஒரு நோட்டில் ஏற்றி வருகிறேன். 2030க்குள் அந்த நோட்டு நிறைந்துவிட வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் யார் வீட்டு பிரிட்ஜிலாவது ஸ்லைடு ரோல் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். தேதி முடிந்தது என்றாலும் கொண்டுவாருங்கள். டப்பாவில் ஈ-6 என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெல்வியா, ப்ரோவியா, எக்டாக்ரோம் எல்லாம் அதில் வரும். சினிமா நெகடிவை வெட்டிச் சுற்றிய ரோல் வேண்டாம், அவற்றில் பலவற்றின் முதுகில் இருக்கும் கறுப்புப் பூச்சு தொட்டியைக் கெடுத்துவிடும். கோடக்கின் பழைய ஸ்லைடு பிலிமான கொடாக்ரோமும் வேண்டாம், அதைக் கழுவுவது கே-14 என்ற வேறு முறையில். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து பார்சன்ஸ் ஊரில் இருந்த கடைசி லேப் 2010 டிசம்பர் 30 வரைதான் அந்த ரோல்களை வாங்கியது. எடுத்த ரோல் என்றால் எத்தனை ஐஎஸ்ஓ வைத்து எடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அடுத்த கிட்டை ஆடிப்பெருக்கு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கரைக்கிறோம்.