மொட்டை மாடிக்குக் குடிபோன ரௌட்டர்

எங்கள் வீடு கடையநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. கிழக்குப் பக்கம் முழுக்கத் தென்னந்தோப்பு. ஃபைபர் இணைப்பு கேட்டபோதெல்லாம் "உங்க தெருவுக்கு இன்னும் போஸ்ட் போடல சார்" என்பதுதான் பதில். 2021இல் சென்னை வேலையை ஊரிலிருந்தே பார்க்கலாம் என்று மூட்டை கட்டி வந்துவிட்டேன். போனில் சிக்னல் வீட்டுக்குள் ஒரு கோடு, மொட்டை மாடியில் மூன்று கோடு. மீட்டிங் என்றால் குடையை எடுத்துக்கொண்டு மாடியேறுவேன். வெயிலுக்குத்தான்.

முதலில் சிம் போடும் 4ஜி ரௌட்டர் ஒன்று வாங்கினேன். வெளி ஆன்டெனா மாட்ட இடமே இல்லாத மாடல்களும் விற்கிறார்கள். என்னுடையதில் பின்பக்கம் இரண்டு ஆன்டெனாக்களும் திருகிக் கழற்றும்படி இருந்தன, அந்த இடத்தில் வெளி ஆன்டெனாவை மாட்டலாம். டவுனில் ஒரு கடைக்காரர் இதைவிடச் சுலபமாக ஒரு வழி சொன்னார்: சிக்னல் பூஸ்டர், பாதி விலைக்கு. அது டவரின் அலையை வாங்கிப் பெருக்கித் திரும்ப ஒலிபரப்பும் கருவி. அனுமதியில்லாமல் வைப்பது நம் நாட்டில் சட்டவிரோதம், பக்கத்து வீட்டுக்காரர்களின் சிக்னலையும் கெடுக்கும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வெறும் ஆன்டெனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது ரௌட்டரின் காதைக் கொஞ்சம் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான்.

கோடுகளை நம்பக்கூடாது என்று புரிய ஒரு வாரம் ஆனது. பிரௌசரில் 192.168.1.1 என்று போட்டால் ரௌட்டரின் உள்பக்கம் திறக்கும் (சில கம்பெனிகளுக்கு எண் மாறும்). அதில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வந்து சேரும் பலம். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு நடுவே அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. முதலாவது மைனஸில் வரும்: மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 110ஐத் தாண்டினால் திண்டாட்டம். இரண்டாவது 20 இருந்தால் ராஜா, பூஜ்யத்தை ஒட்டினால் இணையப் பக்கம் திறக்கவே திணறும். எங்கள் ஹாலில் மைனஸ் 113, எஸ்ஐஎன்ஆர் 1. அதே ரௌட்டரை மாடிக்குத் தூக்கிப் போய் வைத்தால் மைனஸ் 101.

ஆன்லைனில் ஒரு ஜோடி ஆன்டெனா வாங்கினேன். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி கம்பிகள், முனைக்குப் போகப் போகக் குட்டையாகும். லாக் பீரியாடிக் என்பார்கள். பெட்டியில் 28 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு கூட்டித் தருகிறது என்பதன் அளவு) என்று அச்சடித்திருந்தது. அந்த நீளத்துக்குப் பத்து கிடைத்தாலே புண்ணியம். கூடவே பத்து மீட்டர் கேபிள் இரண்டு. மாடியில் கம்பத்தில் கட்டி, ஜன்னல் வழியாகக் கேபிளை இறக்கி, ரௌட்டரில் திருகிவிட்டுப் பார்த்தால், முன்பு இருந்ததைவிட மோசம். மைனஸ் 118.

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கம்பத்தை உயர்த்தினேன், திருப்பினேன், சாமி கும்பிட்டேன். மூன்றாம் நாள் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. ரௌட்டரின் துளைக்கு நடுவே சின்ன ஓட்டை. கேபிள் முனைக்கு நடுவிலும் ஓட்டை. ஒன்றில் ஊசி இருந்தால்தானே தொடும்! மரை கச்சிதமாகப் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை. 4ஜி ரௌட்டருக்கு, நடுவில் ஊசி உள்ள எஸ்எம்ஏ முனை வேண்டும். வைஃபை ஆன்டெனாக்களுக்கு வருவது ஆர்பி எஸ்எம்ஏ. அதில் ஊசியும் ஓட்டையும் இடம் மாறியிருக்கும். எனக்கு அனுப்பியது அந்தக் கேபிள். நடுவில் போடும் சின்ன அடாப்டர் இரண்டு வந்து சேர நாலு நாள்.

அடுத்தது திசை. எங்கள் மாடியிலிருந்து கிழக்கே தென்னைகளுக்கு மேல் ஒரு டவரின் தலை தெரியும். ராத்திரியில் சிவப்பு விளக்கு எரியும். கண்ணுக்குத் தெரிவதை விட்டு வேறெங்கே திருப்புவது? அங்கேயே காட்டினேன். மைனஸ் 90. ஆகா என்றிருந்தது. ஆனால் எஸ்ஐஎன்ஆர் 4, சாயங்காலம் ஏழு மணிக்கு வேகம் 3 எம்பிபிஎஸ்தான். ஒரு டவரில் பொதுவாக மூன்று பக்கம் பார்த்து ஆன்டெனாக்கள் இருக்கும். இரண்டு பக்கங்களின் எல்லையில் வீடு மாட்டிக்கொண்டால் இரண்டும் சத்தமாகக் கேட்கும், ஒன்றும் தெளிவாகக் கேட்காது. எங்கள் வீடு அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்பது என் ஊகம். போதாக்குறைக்கு அது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டவர், ஊரே அதில்தான் தொங்கும்.

தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் சுற்றுவட்டார டவர்களை வரைபடத்தில் பார்க்கலாம். வடகிழக்கே சொக்கம்பட்டிப் பக்கம் ஒன்று இருப்பது அதில்தான் தெரிந்தது. நான் மாடியில், ரௌட்டர் ஹாலில், எண்ணைப் பார்த்துச் சொல்ல அக்கா மகன் படிக்கட்டில்.

"மாமா, கூடிருச்சு!"

"எவ்ளோ?"

"நூத்தி நாலு!"

"அது குறைஞ்சிருக்குலே!"

"இல்ல மாமா, மொதல்ல நூறுதான இருந்துச்சு?"

மைனஸ் கணக்கை அவனுக்கு விளக்கிவிட்டு, கம்பத்தை ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடை திருப்பினேன். திருப்பியதும் ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். எண் உடனே மாறாது. கடைசியில் மைனஸ் 97, எஸ்ஐஎன்ஆர் 17. பலத்தில் முதல் டவரைவிடக் குறைவு. வேகம் 28 எம்பிபிஎஸ், அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு. பையன் அங்கேயே உட்கார்ந்து வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு ஆன்டெனாவையும் ஒரே மாதிரி கட்டக்கூடாது என்பதும் அப்புறம் தெரிந்தது. ஒன்றை வலப்பக்கம் 45 டிகிரி, இன்னொன்றை இடப்பக்கம் 45 டிகிரி சாய்க்க வேண்டும். டவரிலிருந்து வரும் இரண்டு அலைகளும் அப்படித்தான் பெருக்கல் குறி போலச் சாய்ந்து வருகின்றன. சாய்த்ததும் 28 என்பது 35 ஆனது.

இத்தனைக்கும் பிறகு செய்ததுதான் பெரிய வேலை. அதை முதலிலேயே செய்திருக்கலாம். அந்தப் பத்து மீட்டர் கேபிள், டிவி கேபிளைவிட ஒல்லி. 4ஜிக்குப் பயன்படும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலை அதில் ஒவ்வொரு மீட்டருக்கும் அரை டிபிக்கு (சிக்னல் பலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டெசிபல்) மேல் இழக்கும். பத்து மீட்டருக்கு ஆறு டிபி என்று வையுங்கள். மூன்று டிபி போனால் பாதி போச்சு. ஆறு போனால் மிஞ்சுவது கால்வாசி. மாடியில் பிடித்த சிக்னலில் முக்கால்வாசியை ஜன்னலுக்கு வருவதற்குள் கேபிளே தின்றிருக்கிறது. தடித்த கேபிள் விலையைக் கேட்டேன், தலை சுற்றியது. ஆனால் லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகும், வேகம் குறையாது. சரி, ரௌட்டரையே மாடிப்படி அறைக்கு ஏற்றிவிட்டேன். ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் கேபிள், கீழே ஹாலுக்கு இருபது மீட்டர் லேன், ஹாலில் சும்மா கிடந்த பழைய வைஃபை பெட்டி. மைனஸ் 91, எஸ்ஐஎன்ஆர் 19.

ஆடி மாதம் மலைக்கணவாய்க் காற்று அடித்தபோது கம்பம் தானாகத் திரும்பி எல்லாம் பாழானது. யூ கிளாம்ப் இன்னும் இரண்டு போட்டு, ஜிஐ பைப்பிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். கோடு விலகினால் தெரிந்துவிடும். இணைப்புகளில் தண்ணீர் புகாத ரப்பர் டேப் சுற்றியாயிற்று. கேபிளை முனைக்கு வரும் முன் கீழே தொங்கவிட்டு வளைத்திருக்கிறேன், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பைப்புக்கு எர்த் கொடுத்தேன். அது போதாது என்பது அம்மாவின் கட்சி. ஐப்பசியில் முதல் இடி கேட்டால் மீட்டிங் நடுவில் இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். அவள் கட்சிதான் சரி.

ஒல்லி கேபிள் இரண்டும் வீணாகவில்லை. பின்கட்டில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டியிருக்கிறாள்.