அரிவரி ரீச்சரின் ‘ம’ வாரம்

அரிவரி ரீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி பழைய மாணவர் சங்கத்துக்கு எட்டியபோது இந்த மலருக்கான கட்டுரைகள் அநேகமாகச் சேர்ந்துவிட்டிருந்தன. அதிபர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, துடுப்பாட்டத்தைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. பள்ளியின் தொடக்க வகுப்பான அரிவரியை மட்டும், ஐந்து வயதில் நடந்தது ஆருக்கு ஞாபகம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில் அந்த வகுப்பில் இருந்தவர்கள் சேர்ந்து பேசினால் ரீச்சரின் ஒரு வாரம் திங்கள் தொடங்கி வெள்ளி வரை அப்படியே எழுந்து நிற்கிறது. ஏனென்றால் அவர் அதை ஆண்டுக்கு ஆண்டு மாற்றவில்லை. அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை, அவர் செய்ததைச் செய்தபடி எழுதிவைப்பதுதான்.

முதலில் எழுத்துகளின் ஒழுங்கு. அ, ஆ, இ, ஈ என்று பாடினோம், ஆனால் அந்த ஒழுங்கில் எழுதவில்லை. ‘அ’வில் சுழி, வளைவு, கிடைக்கோடு, நிலைக்கோடு எல்லாம் ஒன்றாக வருகின்றன, பழகாத மணிக்கட்டுக்கு அது முடியாத காரியம். ரீச்சர் தொடங்கியது ‘ட’வில். மேலிருந்து கீழே ஒரு கோடு, கையை எடுக்காமல் வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்த வாரம் ‘ப’: அதே ‘ட’வின் வலது முனை மேலே ஏறுகிறது. மூன்றாம் வாரம் ‘ம’: மேலே ஏறிய அந்தக் கோடு இடப்பக்கம் வளைந்து அடிக்கோட்டுக்கு இறங்குகிறது. போன வாரத்து எழுத்து இந்த வாரத்து எழுத்துக்குள் இருந்தது. பிள்ளை புதிதாகப் பழக வேண்டியது கடைசி வளைவு ஒன்றை மட்டுமே.

247 என்ற கணக்கைக் கேட்டுப் பெற்றோர் பயந்தார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பது இலக்கணக் கணக்கு. கைக்கு அந்தக் கணக்கு இல்லை. உகர, ஊகார வரிசைகளைத்தான் எழுத்துக்கு எழுத்து பழக வேண்டும். மற்ற உயிர்மெய்களில் பெரும்பாலானவை தெரிந்த எழுத்தோடு ஒரு குறி சேர்வதுதான். ‘ங’வுக்கு ரீச்சர் தனியாக ஒரு வாரம் ஒதுக்கவில்லை. அது தொடங்கும் சொல்லைப் பிள்ளை எங்கும் கேட்கப்போவதில்லை. ‘ங்க’ என்ற சேர்க்கையாக, சொல்லுக்குள் வைத்தே காட்டினார். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் பள்ளி ஆண்டின் கடைசித் தவணைக்குப் போயின. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலிப்பது பின்னால். இடமிருந்து வலமாக ஒலியை அடுக்கப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அதை முதலிலேயே கொடுத்தால் பழகியதும் குழம்பிவிடும்.

‘ம’ வாரத்தை எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. ட, ப இரண்டை மட்டும் வைத்துச் சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு சொல்லும் வராது. ‘ம’ வந்து, அதற்குப் புள்ளியும் வந்தவுடன் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் திறக்கின்றன. வாசிப்பு என்ற ஒன்று அந்த வாரத்தில்தான் தொடங்கியது.

திங்கட்கிழமை, தேவாரமும் இடாப்பும் முடிந்ததும், வெண்கட்டி மேசையிலேயே கிடக்கும். இடைவேளை மணி அடிக்கும் வரை காதுக்குத்தான் வேலை. “வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் எண்டு சொல்லுங்கோ. இப்ப மூக்கைப் பொத்துங்கோ.” மூக்கைப் பொத்தினால் ஒலி நின்றுவிடும். ‘ம’ மூக்கால் வரும் ஒலி, உதடு மூடி வரும் ஒலி என்ற இரண்டையும் ஒரு வரி விளக்கம் இல்லாமல் பிள்ளைகள் தங்கள் முகத்திலேயே கண்டுபிடித்தார்கள். ‘ப’வும் உதடு மூடி வருவதுதான், வேறுபாடு மூக்கில் இருக்கிறது. தடிமன் பிடித்த பிள்ளை ‘மரம்’ என்பதைக் கிட்டத்தட்ட ‘பரம்’ என்று சொல்வது இதனால்தான். அப்படிச் சொன்ன பிள்ளையை ரீச்சர் திருத்தவில்லை, தடிமன் மாறும்வரை காத்திருந்தார்.

பிறகு மூன்று சொற்கள்: மணி, மலை, பழம். எது சேராதது? இதில் ஒரு பொறி உண்டு. மணி, பனி, மலை என்று கொடுத்தால் பல பிள்ளைகள் மலையைத்தான் விலக்குவார்கள். ஓசை ஒத்து முடிவது காதில் முதலில் விழுகிறது, சொல்லின் தொடக்கம் பிறகுதான் விழுகிறது. ஆகவே முதல் வாரங்களில் ஒத்து முடியும் சோடிகளை அவர் சொல்லவே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு எழுத்து. காற்றில் எழுதிக் காட்டும்போது ரீச்சர் எங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். இதை இன்று பல வகுப்புகளில் காண முடிவதில்லை. பிள்ளைகளைப் பார்த்து நின்று எழுதினால் அவருடைய வலப்பக்கம் அவர்களுக்கு இடப்பக்கம். பார்த்தபடியே செய்யும் பிள்ளை எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் பழகிவிடும். தோளிலிருந்து முழுக் கையையும் நீட்டி எழுத வைத்தார். பெரிய அசைவு முதலில், விரல் அசைவு பிறகு.

அதன் பின் மணல் தட்டு. அரிதட்டில் அரித்த மணல், கால் அங்குலத்துக்கு மேல் இல்லை. கூடினால் விரல் கீறிய பள்ளத்தின் கரை சரிந்து கோட்டை மூடிவிடும். குறைந்தால் நகம் தட்டில் உரசும். தட்டின் அடியில் கடும் நீல மை பூசியிருக்கும், விரல் போன வழி நீலமாகத் தெரிய. மழைக்காலத்தில் மணல் கட்டிபட்டால் வெயிலில் காயவைத்து மறுபடி அரிப்பார். தொடும் விரல் எழுத்தை நினைவில் வைக்கிறது என்பதைத்தான் 1907இல் உரோமில் மொன்ரிசோரி அம்மையார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் மணற்கடதாசி எழுத்துகள் வழியாகச் செய்தார்கள். ரீச்சரின் தட்டும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஒரு வசதி கூட இருந்தது: பிழைத்தால் தட்டை ஒருமுறை அசைத்தால் போதும், பிழை மறைந்துவிடும்.

செவ்வாய் சிலேட்டு. சிலேட்டுப் பென்சிலை முழுதாகத் தரமாட்டார், விரல் நுனியளவு துண்டாக முறித்துத் தருவார். நீளமாக இருந்தால் பிள்ளை முட்டியால் பிடிக்கும். துண்டாக இருந்தால் மூன்று விரல்களைத் தவிர வேறெதாலும் பிடிக்க இடமில்லை. “இப்படிப் பிடி” என்று நாளெல்லாம் சொல்வதைவிடப் பென்சிலைக் குட்டையாக்குவது வேகமான வழி.

‘ம’வில் பிழைக்கும் இடங்கள் மூன்று. வலப்பக்கத்தில் தொடங்குவது ஒன்று. ‘ப’ எழுதிக் கையை எடுத்துவிட்டு, உள்ளே தனியாக ஒரு கொக்கி போடுவது மற்றது. பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் பிறகு விரைவாக எழுதும்போது எழுத்து இரண்டாக உடையும். வளைவு அடிக்கோட்டைத் தொடாமல் நடுவில் தொங்குவது மூன்றாவது. முதற்பிழைக்கு, தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. மற்ற இரண்டுக்கும் ஈரத்துணி: கரும்பலகையில் ரீச்சர் பெரிதாக ஒரு ‘ம’ எழுதுவார், பிள்ளை துணியை விரலில் சுற்றி, தொடக்கத்திலிருந்து இறுதிவரை எடுக்காமல் அழித்துக்கொண்டு போகும். துணியை எடுத்த இடத்தில் வெண்கட்டி மிஞ்சி நிற்கும். எங்கே பிழை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, பலகையே சொல்லிவிடும்.

திருப்பி எழுதும் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் கவலைப்படுவார்கள். ஒரு குவளையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது குவளைதான் என்று அதுவரை கற்றிருக்கும் கண்ணுக்கு, திரும்பினால் வேறாகிவிடும் ஒரு பொருள் புதிது. ஆறேழு வயது வரை இது வழமை. வாங்கில் ஏற்றுவதும் சிவப்பு மையால் வெட்டுவதும் வேறு வகுப்புகளில் இருந்தன, அரிவரியில் இல்லை. தன் பிழையை அழிக்கும் உரிமை பிள்ளையிடமே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார், சிலேட்டை அவர் விட்டுக்கொடுக்காததும் அதற்காகத்தான்.

புதன்கிழமை சேர்த்து வாசிப்பு. ப, ட, ம் என்று மூன்று அட்டைகள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. ரீச்சர் அட்டைகளை மெல்ல நெருக்க, குரலும் நெருங்கும்: ப… ட… ம், பட…ம், படம். இங்கே வழக்கமாக நடப்பது, பிள்ளை ‘படம’ என்று முடிப்பது. ‘ம’ என்று இரண்டு நாள் பழகிய வாய், புள்ளியைக் கண்டும் திறந்துகொள்ளும். “உதட்டைத் திறக்காதேங்கோ, அப்பிடியே வைச்சிருங்கோ” என்பார். புள்ளி என்றால் வாய் திறக்காது என்பதே அந்த வயதுக்குப் போதுமான இலக்கணம். அடுத்தது மடம், மட்டம். இரண்டுக்கும் நடுவில் உள்ள நிறுத்தத்தைக் கைதட்டி உணர்த்தினார்: மட்டம் சொல்லும்போது ‘ட்’டில் நாக்கு ஒரு கணம் ஒட்டி நிற்கும், அந்தக் கணத்துக்கு ஒரு தட்டு. எழுத்தில் ஒரு ‘ட்’ கூடுவது அந்தத் தட்டுக்காக. நான்கு சொற்களுக்கு மேல் அன்றைக்கு இல்லை.

கணக்கு எல்லா நாளும் உண்டு, இருபது நிமிடம், புளியங்கொட்டையோடு. ஒரு தவணை முழுவதும் 5ஐத் தாண்டவில்லை. நூறு வரை ஒப்புவிக்கும் பிள்ளை வந்தாலும் தாண்டவில்லை. ஒப்புவிப்பது பாட்டு, எண்ணுவது வேறு. மூன்று வரை கண் எண்ணாமலே பிடித்துக்கொள்ளும், நான்கிலிருந்துதான் எண்ணும் வேலை தொடங்குகிறது, பிழையும் அங்கேதான் தொடங்கும். நாக்கு விரலைவிட வேகமாக ஓடும், அல்லது எண்ணிய கொட்டையையே மறுபடி தொடும். ஆகவே தொட்டு எண்ணுவது போதாது, எண்ணியதைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முடிந்ததும் “எல்லாமாக எத்தனை?” என்று கேட்பார். ஒன்று, இரண்டு என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு, கடைசியாகச் சொன்ன எண்தான் முழுத் தொகை என்பது இன்னும் விளங்கவில்லை. ஐந்து கொட்டைகளை நெருக்கி வைத்துக் கேட்பார், அதே ஐந்தை அகலப் பரப்பிக் கேட்பார். பரப்பினால் கூடிவிட்டது என்று சொல்லும் பிள்ளைக்குக் கூட்டல் கொடுப்பதில் பயனில்லை. ஈர்க்குக்கட்டு, பத்தின் கட்டு எல்லாம் மற்ற ஆண்டுக்குரியவை.

வியாழன் கைவேலை, கதை. களிமண்ணைப் பென்சில் தடிப்பில் திரித்து ‘ம’ செய்வது, கடதாசியைக் கத்தரிக்கோல் இல்லாமல் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிழித்து ஒட்டுவது. எல்லாம் விரலுக்குப் பலம் சேர்க்கத்தான்.

வெள்ளிக்கிழமைதான் ரீச்சரின் கெட்டித்தனம் முழுதாகத் தெரிந்த நாள். புதிதாக ஒன்றுமே தரமாட்டார். ‘ம’வோடு போன வாரத்து ‘ப’வும் அதற்கு முந்திய ‘ட’வும் திரும்பி வரும். பிந்திய வாரங்களில், மறந்திருக்கக்கூடிய பழைய எழுத்து ஒன்றை வேண்டுமென்றே இடையில் போடுவார். கற்றது முதல் நாட்களிலேயே வேகமாகக் கழன்றுவிடுகிறது, இடைவெளி விட்டு மீட்டினால்தான் நிற்கிறது என்று எபிங்கவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் ஆய்வாக எழுதினார். ரீச்சர் அதைப் படித்தாரா என்பது முக்கியமில்லை, அவருடைய வெள்ளிக்கிழமை அப்படித்தான் அமைந்திருந்தது. யார் எதில் தடுக்கினார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்வார். திங்கட்கிழமை வாங்குகளின் ஒழுங்கு அதன்படி மாறியிருக்கும். முன்வாங்கு தண்டனை இல்லை, ரீச்சரின் கைக்கு எட்டும் இடம்.

இப்போது எங்கள் பேரப்பிள்ளைகள், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இடங்களில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறார்கள். நடத்துபவர்கள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுக்கிறார்கள், அவர்களை எப்படிப் புகழ்ந்தாலும் தகும். ஆனால் அங்கே ஒரு காலையில் திங்களும் செவ்வாயும் புதனும் வெள்ளியும் அடைக்கப்படுகின்றன. காதுக்கு நேரமில்லாமல் எழுத்து வருகிறது, மணலுக்கு நேரமில்லாமல் கொப்பி வருகிறது. மீட்டலுக்கு அடுத்த சனி வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பாதி கழன்றுவிடுகிறது. மூளையில் குறை இல்லை, வாரத்தில்தான் குறை. சனிக்கிழமை ஒலியும் பெரிய அசைவும் மட்டும் கொடுத்துவிட்டு, மணல் தட்டையும் மூன்று அட்டைகளையும் வீட்டுக்கு அனுப்பினால், நாளுக்குப் பத்து நிமிடத்தில் அந்த வாரத்தைத் திரும்பக் கட்டலாம். செய்ய வேண்டியது பெற்றோர். அவர்களில் பலருக்கு எழுத்து தெரியும், ஒழுங்கு தெரியாது. ஒழுங்கு தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தார். நாங்கள் புறப்பட்டுவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து விடுமுறைக்குப் போனபோதும் அவரிடம் உடல்நலம் விசாரித்தோம், படம் எடுத்தோம். ‘ழ’வை எப்படி எடுப்பீர்கள் ரீச்சர் என்று கேட்டு எழுதிக்கொண்டவர் எங்களுக்குள் ஒருவரும் இல்லை.

அவரோடு அதே அறையில் உதவி ஆசிரியையாக இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த முறை ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கொப்பியோடு போங்கள். இரண்டாம் தவணையின் ஒழுங்கிலிருந்து தொடங்குங்கள்: ர, ய, வ, ல, அதற்குப் பின் எது, ஏன் என்று.