நாம்பாக்கேயில் வாங்கிய கையெழுத்து

அஸ்ஸாமில் எண்ணெய் சர்வே வேலையில் இருந்தபோது வயல்காரர்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் என் பொறுப்பு. நஹர்கட்டியாவில் 1953-லேயே எண்ணெய் கண்டுபிடித்துவிட்டதால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எங்களைப் போன்ற ஆட்கள் புதிதில்லை. அப்படித்தான் புர்ஹி திஹிங் ஆற்றங்கரையில் இருக்கும் நாம்பாக்கேக்குப் போனேன். தாய் பாக்கே என்ற சிறு இனத்தவரின் ஊர். பர்மாவின் ஹுகாங் பள்ளத்தாக்கிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள், பௌத்தர்கள், எல்லாருமாகச் சேர்த்தாலே சில ஆயிரம் பேர்தான்.

வீடெல்லாம் கால் ஊன்றி நிற்கும். கீழே தறி, மேலே குடும்பம். ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் மூங்கில் தரை ஒவ்வொரு அடிக்கும் லேசாக அமுங்கும், எனக்கு முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. இலையில் இறுக்கிக் கட்டிய சோறு தந்தார்கள். பிரித்ததும் வந்த அந்த இலை வாசனையில் அம்மா ரயிலுக்குக் கட்டித் தரும் கட்டுச்சோறு நினைவுக்கு வந்துவிட்டது, ஆனால் இது கையில் ஒட்டும் அரிசி.

மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஆபீஸ் நெருக்கியதால் ஏப்ரல் 14 அன்றே படிவங்களோடு போய் நின்றேன். நமக்குச் சித்திரை ஒன்று, அவர்களுக்குப் பொய் சங்கென். (பொய் என்றால் அவர்கள் மொழியில் திருவிழா, சங்கென் நம் சங்கராந்திதான்.) விஹாரிலிருந்து புத்தர் சிலைகளை வெளியே எடுத்து வைத்து நீராட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஆளுக்கு ஆள் தண்ணீர். என்னை மட்டும் விடுவார்களா? பையோடு நனைந்தேன்.

நாலு நாள் கழித்துப் புதுப் படிவங்களோடு போனேன். ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய தாய் பாக்கே எழுத்தில் வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல் பெயரெழுதிக் கொடுத்தார். விஹாரில் இருக்கும் பழைய சுவடிகளை வாசிக்கத் தெரிந்தவர். ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன கிறுக்கல், பக்கத்தில் கைநாட்டு வாங்கி வா” என்று திருப்பி அனுப்பினார்கள். மை டப்பாவோடு போய் நின்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார்.

அதே ஆபீசின் சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் நான் தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன்.