பானட்டுக்குள் எத்தனை வயர் வேண்டும்?

மெக்கானிக்கல் பம்பும், கேபிளை இழுத்து இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப்பும் உள்ள பழைய டீசல் வண்டி ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. பகலில் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டால் ஒரு வயரும் இல்லாமல் ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போய்ச் சேரும். ஹாரனும் பிரேக் லைட்டும் சட்டத்துக்கும் நம் உயிருக்கும், இன்ஜினுக்கு அல்ல. (அதற்காக ஓடும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். டைனமோவின், அதாவது ஆல்டர்னேட்டரின், டையோடு போய்விடும்.)

அப்படியிருந்தும் மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் மீன் ஏற்றும் ஒரு பழைய வண்டியின் பானட்டைத் தூக்கினால், கறுப்பு டேப் சுற்றிய வயர் இடியாப்பம் பிழிந்த மாதிரி கிடக்கும். எப்போதோ கழற்றிய பாட்டுப் பெட்டியின் வயர், ஏர் ஹாரன் வயர், ஃபாக் லேம்ப் வயர் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் பழையதைத் தொடப் பயந்து புதிதாக ஒன்றை இழுத்துவிட்டுப் போயிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. லோடோடு நிற்கும் வண்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது யார் உட்கார்ந்து வயர் பிரிப்பார்கள்?

இந்தக் கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு வயர் பழசாவது பெரிய நோயில்லை, ஜாயின்ட்தான் நோய். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் பாலத்தில் கடல் தூறல் முன்கிரில் வழியாக நேரே உள்ளே வருகிறது. உப்பு படிந்த இடம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காயவே காயாது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில் அந்த ஈரம் புகுந்தால், செம்பு இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறும். வெளியே பச்சை பூத்திருப்பது கொஞ்சம்தான். தோலைச் சீவிப் பாருங்கள், ஒரு சாண் தூரம் உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். கறுத்த செம்பில் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கண்) அமுக்கினாலும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. பளபளவென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். தெரியவில்லையென்றால் முழு வயரையும் தூக்கிப் போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இந்த வேலைக்கு வாகானது. இரண்டு முழு நாள் ஒதுக்கினால் போதும்.

முதலில் எதையும் வெட்டாதீர்கள். டெஸ்ட் லேம்பும் மாஸ்கிங் டேப்பும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதி ஒட்டுங்கள். ஒரு முனை மட்டும் கிடைத்து மறுமுனை எங்கும் சேராமல் நிற்கும் வயர்தான் செத்த வயர். போட்டோவும் எடுத்து வையுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங்தான்.

இனி எண்ணலாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் (ஸ்டார்ட்டரின்) பெரிய போல்ட்டுக்கு ஒரு தடித்த கேபிள், 35 ஸ்கொயருக்குக் (சதுர மில்லிமீட்டர்) குறையக் கூடாது. டைனமோவில் கரண்ட் வெளிவரும் பி பிளஸ் டெர்மினலிலிருந்து அதே போல்ட்டுக்கு 10 ஸ்கொயர் வயர், இடையில் ஸ்ட்ரிப் ஃபியூஸ். சாவிக்குக் கரண்ட் வர ஒன்று. சாவியிலிருந்து செல்ஃபின் சின்ன டெர்மினலுக்கு ஒன்று. சாவியிலிருந்து சார்ஜிங் விளக்கு வழியாக டைனமோவுக்கு ஒன்று. ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் சென்சாருக்கு ஆளுக்கொன்று. கேபிளுக்குப் பதில் கரண்டால் இன்ஜினை நிறுத்தும் சொலினாய்டு ஸ்டாப் என்றால் இன்னொன்று. இன்ஜினுக்கு இவ்வளவுதான். மற்றதெல்லாம் லைட்டும் ஹாரனும் வைப்பரும்.

இதில் சொலினாய்டு இரண்டு வகை. கரண்ட் இருந்தால் ஓடும் வகையில் வயர் அறுந்தால் நடுரோட்டில் இன்ஜின் நிற்கும். கரண்ட் கொடுத்தால் நிற்கும் வகையில் வயர் அறுந்தால் சாவியைப் பிடுங்கினாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், பம்பில் உள்ள லீவரைக் கையால் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் அந்த வயரில் கை வைக்காதீர்கள்.

சார்ஜிங் விளக்கைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பழைய வகை டைனமோ விழித்துக்கொள்வதே அந்த 2 அல்லது 3 வாட்ஸ் பல்பு வழியாக வரும் சின்ன கரண்டில்தான். பல்பு பியூஸ் போனால், ஆக்சிலரேட்டரை நன்றாக ஒரு மிதி மிதிக்கும்வரை சார்ஜ் ஏறாது. ‘டைனமோ வீக்’ என்று சொல்லிப் பணம் பிடுங்க இது ஒன்று போதும். எல்இடி போட்டாலும் இதே கதை. அப்படிப் போட்டால் பக்கத்திலேயே 68 ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யுமுன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கின் வயரைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் நேரே சிலிண்டருக்குள் பாயும் நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு இந்தக் கடற்கரைக் குளிரில் ஹீட்டர் தேவையே இல்லை. டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் எரியத் தொடங்கும் ப்ரீ சேம்பர் இன்ஜினுக்கு மார்கழி விடியலில்கூடத் தேவைப்படும், அதைக் கழற்ற வேண்டாம். நான்கு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே தனி ரிலேயும் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) தனி தடித்த வயரும் வேண்டும்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். 12 வோல்ட் வண்டியில் 60 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் 10 ஆம்பியர். அது பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு போய், சுவிட்சுக்குள் புகுந்து, திரும்ப முன்பக்கம் வருகிறது. சுவிட்ச் உருகுவதும் வெளிச்சம் மஞ்சளடிப்பதும் அதனால்தான். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வாங்கி முன்பக்கமே வையுங்கள். 30ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 ஸ்கொயர், 87இலிருந்து பல்புக்கு, 85 எர்த் (வண்டியின் பாடி), 86க்குப் பழைய சுவிட்ச் வயர். இனி சுவிட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியர்கூட இருக்காது. சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், டெஸ்ட் லேம்பால் பார்த்துவிட்டு இணையுங்கள். ரிலேயின் பின்கள் கீழ்ப் பார்த்து இருக்கட்டும், மேல் பார்த்தால் தண்ணீர் தேங்கும்.

ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. 1 ஸ்கொயர் வயருக்கு 10 ஆம்பியர் சிவப்பு, 2.5 ஸ்கொயருக்கு 20 ஆம்பியர் மஞ்சள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உரசும் வயரைக் காப்பாற்ற யாருமில்லை. சிகரெட் பெட்டியின் பளபளத் தாள் சுற்றிய பழைய பீங்கான் ஃபியூஸ் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, மூடியுள்ள பிளேடு ஃபியூஸ் பெட்டி ஒன்றை வாங்குங்கள்.

வயர் வாங்கும்போது ஈயம் பூசிய செம்பு கேளுங்கள். படகு வயரிங்குக்கு வாங்குவது அதுதான், விலை கூடத்தான். லக்கை நல்ல கிரிம்பிங் பிளேயரால் அமுக்கி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால், ஓரத்தில் பசை பிதுங்கி வரும். பிதுங்காவிட்டால் சீல் ஆகவில்லை. ஈயப் பற்று வேண்டாம். பற்று முடியும் இடத்தில் வயர் விறைத்து, டீசல் இன்ஜினின் ஆட்டத்தில் அங்கேயே ஒடியும். வயரை டீசல் பைப்போடும் சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலும் கட்டாதீர்கள். கேபினுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு ஏற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எர்த்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் பாதிக் கோளாறு அதில்தான். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, இரண்டும் செல்ஃப் கேபிள் தடிமனில். இன்ஜின் எர்த் அறுந்தால் செல்ஃபின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் சுட்டால் இதுதான் காரணம். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்தபின் லக்கை இறுக்கி, அதன் மேல் வாசலின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு இறுக்கக் கூடாது.

முடித்ததும் அளந்து பாருங்கள். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, இன்ஜின் பிடிக்காதபடி ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவின் ஈய முனையின் மேல், கிளாம்ப்பின் மேல் அல்ல. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அடுத்து சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை செல்ஃபின் பெரிய போல்ட்டில்: 0.5க்குள். 300 ஆம்பியர் ஓடும் இடத்தில் 1 வோல்ட் விழுந்தால், 300 வாட்ஸ் சூடு ஏதோ ஒரு ஜாயின்ட்டில் எரிகிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டாக முனையை நகர்த்தினால் அகப்படும். ஓடும் இன்ஜினில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும்.

ஒட்டிய எண்களையும் ஃபியூஸ் அளவுகளையும் ஒரு தாளில் வரைந்து, லேமினேட் செய்து, பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் புது வயர் இழுக்கும் முன் அதைத்தான் பார்ப்பார்.