‘சும்மாதான் இருக்கான்’ என்று எழுதிவிட்டு வந்த வீடு

கிக் வேலை (ஆப் மூலமாகவும் மற்றபடியும் அவ்வப்போது கிடைக்கும் துண்டு வேலை), ஒப்பந்த வேலை பார்ப்பவர்களை எண்ணும் கணக்கெடுப்பு ஒன்றை ஒருவழியாக முடித்துக் கொடுத்துவிட்டேன். வீடுகளைத் தேர்ந்தெடுத்தது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது. சறுக்கியது கேள்வித்தாளில், அதுவும் முதல் கேள்வியிலேயே.

"போன வாரம் வேலைக்குப் போனீங்களா?" என்றுதான் வைத்திருந்தோம். முன்னோட்டச் சுற்றில் ஒரு வீட்டுக்கு நானே போனேன். மகன் வெளியே போயிருந்ததால் அம்மாவிடமே கேட்டேன். "எங்கே போறான்ப்பா, கம்பெனியை விட்டு நின்னதுல இருந்து சும்மாதான் இருக்கான்" என்றார். ‘வேலையில்லாதவர்’ என்று குறித்துக்கொண்டு படியிறங்கினால், தலையில் ஹெல்மெட்டும் முதுகில் டெலிவரிப் பையுமாக அந்தப் பையன் எதிரே ஏறி வருகிறான். அம்மா பொய் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வந்தால்தான் அவருக்கு அது வேலை. பையனும் அதையேதான் சொன்னான்: "இது வேலை இல்ல சார், வேலை கிடைக்கிற வரைக்கும் ஓட்டுறேன்."

அந்தப் படிவத்தைத் திருத்திவிட்டேன். ஆனால் இப்படி எதிரே யாரும் வராத படிகள் எத்தனையோ என்று அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்தாலும் அது வேலைவாய்ப்புதான் என்பது தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு 2013-இல் உறுதி செய்த வரையறை. அது எனக்கு மனப்பாடம். கேள்வியில்தான் அதைக் கொண்டுவராமல் விட்டிருந்தேன். இப்படிக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து ‘வேலை’ என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். "ஒரு மணி நேரமாவது, எதையாவது செய்து காசு வந்ததா?" என்று தனியாகக் கேளுங்கள். முடிந்தவரை அந்த ஆளிடமே கேளுங்கள்.

சரி, நேரடியாகவே கேட்டுவிடலாம் என்று "ஆப் மூலமாக வேலை செய்கிறீர்களா?" என ஒரு கேள்வி சேர்த்தோம். இப்போது வெள்ளம் மறுபக்கம் உடைந்தது. அலுவலகத்தில் கணக்கெழுதும் பெண் ‘ஆமாம்’ என்றார். மேலாளர் வேலையை மெசேஜில் அனுப்புகிறாராம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையே 2017-இல் இதே குழியில் விழுந்தது. அங்கேயும் புதிதாகச் சேர்த்த கேள்விகளுக்குத் தவறான ‘ஆமாம்’ குவிந்தது. ஒவ்வொரு பதிலையும் ஆட்களை வைத்துப் படித்துத் திருத்திய பிறகுதான் 16 லட்சம் பேர், அதாவது வேலையில் இருப்பவர்களில் 1 சதவீதம் என்ற எண்ணுக்கு வந்தார்கள். அதை முன்பே படித்திருந்தால் எங்களுக்கு ஒரு சுற்று மிச்சமாகியிருக்கும். எங்களைக் காப்பாற்றியது படிவத்தின் அடியில் விட்டிருந்த இரண்டு வெற்று வரிகள். வாடிக்கையாளரை யார் அனுப்புகிறார்கள், காசு எந்த வழியாக வருகிறது என்று அவர்கள் சொன்னபடியே அதில் எழுதச் சொல்லியிருந்தேன். அந்த வரிகளை எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் ஒரே கேள்வி போதுமானதாக இருந்தது: "சம்பளம் போடுவது யார்?" மருத்துவமனையில் வேலை என்று சொன்ன துப்புரவுப் பணியாளர், சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் மருத்துவமனையின் பெயரே இல்லை, ஒரு ஏஜென்சியின் பெயர்தான் இருந்தது.

கார் ஓட்டுபவர்களை எல்லாம் முதலில் ‘சுயதொழில்’ பெட்டியில் போட்டிருந்தோம். "கட்டணத்தை நீங்களா வைக்கிறீங்க?" என்று கேட்டதும் ஒருவர், "ஆப் போடும், நான் ஓட்டணும்" என்றார். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2018-இல் ‘சார்புநிலை ஒப்பந்ததாரர்’ என்று தனி வகை உலக அளவில் ஏற்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டியைச் சேர்க்க வைத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வீணாய்ப்போனது நிறுவனத் தரவு. ஒரு ஆப் நிறுவனம் தருகிறேன் என்று சொல்லி மூன்று முறை அலையவிட்டது. கடைசியில் கையில் கிடைத்தது ஒற்றைத் தாள், பதிவான கணக்குகளின் எண்ணிக்கை மட்டும். ஒரே ஆள் மூன்று ஆப்பில் இருப்பார், என்றோ விட்டுப்போனவரின் கணக்கும் அப்படியே கிடக்கும். அதை வைத்து ஆட்களை எண்ணவே முடியாது. முதல் கடிதத்திலேயே "இந்த வாரம் ஒரு முறையாவது சம்பாதித்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மேலிடம். ஒரே ஒரு எண் வேண்டும் என்று பிடிவாதம். காட்ஸ், க்ரூகர் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களின் கதையை எடுத்துவைத்தேன். அங்கே 2005-இல் 10.7 சதவீதமாக இருந்த மாற்றுவகை வேலைகள் (ஒப்பந்தம், ஏஜென்சி, தனியாள் வேலை போன்றவை) 2015-இல் 15.8 ஆகிவிட்டதாக அவர்களின் ஆய்வு சொன்னது. 2017-இல் அரசுக் கணக்கெடுப்பு எடுத்தபோது வந்தது 10.1. உயர்வு 1 முதல் 2 சதவீதப் புள்ளிதான் இருக்கும் என்று 2019-இல் அவர்களே திருத்திக்கொண்டார்கள். அதைக் காட்டிய பிறகுதான் அறிக்கையில் மூன்று எண்கள் போக அனுமதி கிடைத்தது: இந்த வாரத்தின் முக்கிய வேலையாக, இந்த வாரத்தில் பக்க வேலையையும் சேர்த்து, வருடத்தில் ஒரு முறையாவது.

கடைசிச் சுற்றில் அதே வீட்டுக்குப் போனேன். இந்த முறை பையனையே உட்கார வைத்து, போன வாரம் எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். போனைத் திறந்து ஒவ்வொரு நாளாகக் கூட்டிக்கொண்டு வந்தவன், பாதியில் நிறுத்தினான்.

"ஆர்டருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற நேரமும் சேருமா சார்?"

"சேரும்ப்பா" என்றேன். முதலில் இருந்து மறுபடி கூட்ட ஆரம்பித்தான்.